வீட்டில் வாலை வைத்திருப்பவர் விஸ்கி ஆலையைப் பார்வையிடும் முறை

சிறிய செம்பு வாலை ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, மக்காச்சோளத்தையும் பார்லியையும் ஊறப்போட்டு வடித்துப் பழகிய ஒருவர், அமெரிக்காவின் கெண்டக்கி, டென்னசி மாநிலங்களில் உள்ள விஸ்கி ஆலைகளுக்குள் முதன்முறை நுழையும்போது, கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவரைப் போல நின்றுவிடுவது இயல்பு. பல மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் செம்புத் தூணையும், ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்த பீப்பாய்களையும் கண்டு வியந்து, கடையில் இரண்டு புட்டிகள் வாங்கிக்கொண்டு திரும்பினால், அது நல்ல சுற்றுலாவாக அமையும். ஆனால் கைத்தொழிலுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. நான் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வசிப்பவன். 25 லிட்டர் கொள்ளளவுள்ள வாலை ஒன்றில் பல ஆண்டுகளாக வடித்து வருகிறேன். என் முதல் பயணம் மேலே சொன்னவாறுதான் முடிந்தது. இரண்டாம் முறை, எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இவ்வழிகாட்டி அந்த இரண்டாம் பயணத்திலிருந்து எழுந்தது.

இரண்டு சொற்களை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். ஓமத் தீநீர் முதலியவற்றை வடிக்கச் சித்த மருத்துவர்கள் பயன்படுத்தும் கலத்துக்கு வாலை என்று பெயர்; அதே சொல்லை இங்கே சாராயம் வடிக்கும் கலத்துக்கும் பயன்படுத்துகிறேன். தானியம், நீர், ஈஸ்ட் ஆகியவை கலந்து நொதித்துக்கொண்டிருக்கும் கலவையை ஊறல் என்கிறேன். நம் செய்தித்தாள்களில் அச்சொல் காவல்துறையினர் அழித்த ஊறலாக மட்டுமே வருகிறது என்றாலும், அத்தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் முதலில்

நியூசிலாந்தில் 1996 முதல் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் வடிப்பதற்குத் தடையில்லை; விற்பதுதான் குற்றம். அமெரிக்காவில் நிலைமை வேறு. 1978இல் இயற்றப்பட்ட சட்டம் வீட்டில் பீர் தயாரிப்பதற்கு வழிவிட்டது, வடிப்பதற்கு விடவில்லை. உரிமம் இன்றி வடிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஆகவே இதைப் படிக்கும் உங்கள் ஊரில் வீட்டு வடிப்புக்கு அனுமதி இல்லையென்றால், இங்கே கூறப்படும் செய்திகளை அறிவுக்காகவும் சுவைக்காகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இச்சட்ட நிலைமை ஆலைக்குள் நீங்கள் பேசும் விதத்தையும் தீர்மானிக்கிறது. உங்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி, அரசின் கண்காணிப்பில் உள்ள, வரிக்கு உட்பட்ட வளாகத்தில் பணியாற்றுபவர். எடுத்த எடுப்பில் "நானும் வீட்டில் வடிக்கிறேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னால் அவர் தர்மசங்கடத்துக்கு ஆளாவார். நான் அதைவிடப் பெரிய தவறு செய்தேன். முதல் பயணத்தில், ஊர் பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு சிறிய ஆலையில், நான் வடித்த சாராயத்தைச் சிறு புட்டி ஒன்றில் ஊற்றிக் கொண்டுபோய், "சுவைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீட்டினேன். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அம்மனிதரின் முகம் மாறிவிட்டது. வெளியிலிருந்து வரும் சாராயம் எதையும் அவ்வளாகத்துக்குள் தாம் தொடக்கூடாது என்று மரியாதையாகச் சொல்லி, புட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். அதன்பின் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் விரிவான பதில் கிடைக்கவில்லை. உங்கள் சாராயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, உங்கள் கேள்விகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். நொதித்தலைப் பற்றி ஊன்றிக் கேட்கும் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை வழிகாட்டிகள் தாமாகவே உணர்ந்துகொள்வார்கள். உணர்ந்துகொண்டதைச் சொல்லாமல் பதிலை மட்டும் நீளமாகச் சொல்வார்கள்.

எதைக் கற்க முடியும், எதைக் கற்க முடியாது

பயணத் திட்டம் போடுமுன் இதைத் தெளிவாக்கிக்கொள்வது மிக முக்கியம் என்று கருதுகிறேன். பானை வடிவ வாலையில் வடிப்பவருக்கு உயிர்நாடியான வேலை, வடிந்து வருவதைப் பிரித்தெடுப்பது. முதலில் வரும் காரமான முன்வடியை ஒதுக்கி, நடுவடியைச் சேர்த்து, ஈரத்துணி வாடை அடிக்கத் தொடங்கும் கடைவடி வரும்போது நிறுத்துகிறோம். இதைப் பெரிய ஆலையில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் பலரும் போகிறார்கள். ஆனால் மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க விஸ்கியான போர்பனை வடிக்கும் ஆலைகளில் பெரும்பாலும் இருப்பது தூண் வாலை. அதன் மேற்புறத்திலிருந்து ஊறல் இடைவிடாமல் இறங்குகிறது. கீழிருந்து நீராவி ஏறுகிறது. ஆவி ஒரே சீராக வெளியேறுகிறது. நாள் முழுதும் ஓடும் அந்த ஓட்டத்தில், நம் வாலையில் இருப்பதைப் போன்ற தொடக்கமும் நடுவும் கடையும் இல்லை. நீங்கள் அங்கே பிரித்தெடுக்கும் கலையைத் தேடினால் ஏமாந்து திரும்புவீர்கள்.

இன்னொன்றும் அங்கிருந்து அப்படியே வீட்டுக்கு வராது. போர்பன் ஆலைகள் தானியத்தை வடிகட்டாமல், கூழாகவே வாலைக்குள் செலுத்துகின்றன. தூணுக்குள் நீராவி நேராகப் பாய்வதால் அங்கே அடிப்பிடிக்கும் சிக்கல் இல்லை. அடியில் மின்சூடேற்றி பொருத்திய நம் கலத்தில் அதே கூழை ஊற்றினால், அடிப்பிடித்த சோற்று வாடை கடைசித் துளி வரை ஏறிவிடும். ஆலையில் கண்டதை நம்பி ஒருமுறை நான் இதைச் செய்தேன். அந்த வாடை மூன்று முறை திரும்ப வடித்தும் போகவில்லை.

ஆனால் வாலைக்கு முன்னால் நடப்பது யாவும் நமக்குப் பயன்படும். தானியத்தை எவ்வளவு பொடியாக அரைக்கிறார்கள், மக்காச்சோளத்தைக் கொதிநிலைக்கு அருகில் எவ்வளவு நேரம் வேகவைக்கிறார்கள், சூடு தணியத் தணிய, ரை என்னும் கோதுமைக்கு உறவான தானியத்தை எப்போது போடுகிறார்கள், முளைகட்டிய பார்லியை எந்த வெப்பத்தில் சேர்க்கிறார்கள், ஈஸ்ட் எது, ஊறல் எத்தனை நாள் நிற்கிறது, அப்போது வெப்பம் எவ்வளவு என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள் 20 லிட்டருக்கும் பொருந்தும், 50,000 லிட்டருக்கும் பொருந்தும். எனவே என் முதல் அறிவுரை: சுற்றுலாக் குழு வாலையின் முன்நின்று படமெடுத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் நொதித்தல் தொட்டியை விட்டு நகராதீர்கள்.

எங்கே போவது

நேரம் குறைவாக உள்ளவருக்கு நான் மூன்று கெண்டக்கி ஆலைகளைப் பரிந்துரைப்பேன். மூன்றும் மூன்று வெவ்வேறு பாடங்கள்.

லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஃபோர் ரோசஸ் ஈஸ்ட்டைக் கற்கும் இடம். அங்கே இரண்டு தானியக் கலவைகள் உண்டு. ஒன்றில் மக்காச்சோளம் 75, ரை 20, முளைகட்டிய பார்லி 5 விழுக்காடு. மற்றொன்றில் மக்காச்சோளம் 60, ரை 35, பார்லி 5 விழுக்காடு. இவ்விரண்டையும் ஐந்து வகை ஈஸ்ட்டுகளால் தனித்தனியே நொதிக்கச் செய்து, பத்து வெவ்வேறு விஸ்கிகளை வடிக்கிறார்கள். தானியம் ஒன்றே, நீர் ஒன்றே, வாலையும் ஒன்றே. ஈஸ்ட் மட்டும் மாறுகிறது. ஒன்றில் பழ மணம் எழுகிறது, ஒன்றில் பூ மணம், ஒன்றில் மூலிகையின் சாயல். சுவைக்கூடத்தில் ஒரே தானியக் கலவையும் இரு வேறு ஈஸ்ட்டும் கொண்ட இரண்டு விஸ்கிகளை அடுத்தடுத்துத் தரமுடியுமா என்று கேளுங்கள். கடையில் கிடைத்த ஏதோ ஒரு ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, சுவை முழுவதும் வாலையில்தான் பிறக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, அவ்விரண்டு குவளைகளும் பல ஆண்டு அனுபவம் சொல்லித்தராததைச் சொல்லித்தந்தன.

லொரெட்டோ என்னும் சிற்றூரில் உள்ள மேக்கர்ஸ் மார்க் தானியத்தைக் கற்கும் இடம். பெரும்பாலான போர்பன்களில் காரம் தரும் ரை தானியத்துக்குப் பதிலாக, அங்கே செந்நிறக் குளிர்காலக் கோதுமை சேர்கிறது: மக்காச்சோளம் 70, கோதுமை 16, பார்லி 14 விழுக்காடு. அரைப்பதற்குச் சுத்தியல் ஆலையைத் தவிர்த்து உருளை ஆலையைப் பயன்படுத்துகிறார்கள். வேகமாக அரைத்தால் தானியம் சூடேறிக் கசக்கும் என்பது அவர்கள் கருத்து. அங்குள்ள பழைய சைப்ரஸ் மரத் தொட்டிகளின் விளிம்பில் நின்று, நுரைத்துக் குமிழியிடும் ஊறலில் விரலைத் தோய்த்து நாவில் வைத்துப் பார்க்க எங்களை விட்டார்கள். முதல் தொட்டியில் இருந்தது அன்று காலை ஈஸ்ட் இட்டது. பாயசத்தைப் போல இனித்தது. அடுத்த தொட்டியில் இருந்தது இரண்டு நாள் கழிந்தது. இனிப்பு பாதியாகக் குறைந்து, மோரைப் போன்ற புளிப்பு எட்டிப் பார்த்தது. மூன்றாவதில் இனிப்பே இல்லை. புளித்த பீரும் வேகாத சோளமாவும் கலந்த சுவை. அந்த மூன்று சுவைகளையும் நாவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அளவுகோல் இல்லாமலே உங்கள் வீட்டு ஊறல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதன்பின் சுவைத்தே ஓரளவு சொல்லிவிட முடியும்.

வெர்சேல்ஸ் அருகிலுள்ள வுட்ஃபோர்ட் ரிசர்வ் மூன்றாவது. ஸ்காட்லாந்தின் ஃபோர்சித்ஸ் நிறுவனம் செய்து தந்த செம்புப் பானை வாலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. சாராயம் மும்முறை வடிக்கப்படுகிறது. நம் கலத்துக்கு உறவு சொல்லத்தக்க வாலைகளைப் பெரிய போர்பன் ஆலை ஒன்றில் காண வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். முன்வடியையும் கடைவடியையும் ஒதுக்குவதைப் பற்றிக் கேட்பதற்கும் இதுவே இடம். எனினும் ஒன்றை மறக்க வேண்டாம். அவர்களுடைய வழக்கமான புட்டியில் இருப்பது இவ்வாலைகளில் வடித்ததும், லூயிவில் நகரத்து ஆலையின் தூண் வாலையில் வடித்ததும் கலந்தது. ஆகவே அதைச் சுவைத்துவிட்டுப் பானை வாலையின் சுவை இதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

புளிப்பு ஊறல் என்னும் முறையை ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டில் அளவும் கணக்கும் வைத்துச் செம்மைப்படுத்தியது அதே இடத்தில்தான். இதை நம்மவர்களுக்கு விளக்கும்போது உறைமோரைப் போன்றது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது சரியன்று. உறைமோரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டு. வாலையிலிருந்து எடுத்த, சாராயம் நீங்கிய கழிவு நீரைத்தான் அடுத்த ஊறலில் சேர்க்கிறார்கள். கொதித்து வந்த அதில் ஈஸ்ட் செத்துப்போயிருக்கும். அது தருவது புளிப்புத்தன்மையை. அப்புளிப்பில் ஈஸ்ட் செழிக்கும். வேண்டாத நுண்ணுயிர்கள் தலையெடுக்கா. எத்தனை விழுக்காடு சேர்க்கிறீர்கள் என்று ஒவ்வொரு ஆலையிலும் கேளுங்கள். பெரும்பாலும் மறைக்காமல் சொல்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, டான்வில் ஊரில் உள்ள வில்டர்னஸ் டிரெயில் ஆலை கழிவு நீரே சேர்க்காத இனிப்பு ஊறலைக் கையாள்கிறது. அதைத் தொடங்கிய இருவரும் அதற்கு முன்பே பிற ஆலைகளுக்கு நொதித்தல் ஆலோசனை வழங்கி வந்தவர்கள். நொதித்தலில் ஆழ்ந்த ஈடுபாடுள்ளவர் இதை விட்டுவிடக்கூடாது.

டென்னசியில்

லிஞ்ச்பர்க்கில் உள்ள ஜாக் டேனியல்ஸ் உலகமறிந்தது. அங்கே கற்க வேண்டியது கரி. சர்க்கரை மேப்பிள் மரச் சட்டங்களை அடுக்கி, அவர்கள் வடித்த சாராயத்தையே தெளித்துக் கொளுத்திக் கரியாக்குகிறார்கள். பொடித்த அக்கரியை ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்துக்கு நிரப்பிய தொட்டிகளின் வழியாகப் புதுச் சாராயம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. டென்னசி விஸ்கி என்று பெயர் வைக்க வேண்டுமானால் இவ்வாறு மேப்பிள் கரியில் வடிகட்டியாக வேண்டும் என்று 2013இல் அம்மாநிலம் சட்டமே இயற்றியது. வழிகாட்டி தொட்டியின் மூடியைச் சற்றே தூக்கும்போது, முகத்தைத் தொலைவில் வைத்துக்கொண்டு கையால் ஆவியை விசிறி முகருங்கள். குனிந்து இழுத்தால் கண் எரிந்து, அடுத்த அரைமணி நேரத்துக்கு மூக்கு எதற்கும் உதவாது. கரியில் இறங்குமுன் இருந்த சாராயமும் இறங்கியபின் இருக்கும் சாராயமும் அடுத்தடுத்துச் சுவைக்கக் கிடைத்தால், அதை ஒருபோதும் மறுக்காதீர்கள். டல்லஹோமாவுக்கு அருகில் உள்ள ஜார்ஜ் டிக்கெல் ஆலையில் இதே வேலையைச் சாராயத்தைக் குளிரவைத்தபின் செய்கிறார்கள். இரண்டு ஆலைகளையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும் என்பதால், ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுத்தந்தவர் நியரஸ்ட் கிரீன் என்னும் கறுப்பினத்தவர். அடிமையாக இருந்தபோதே தேர்ந்த வடிப்பாளராக விளங்கியவர். நெடுங்காலம் அவர் பெயர் வெளியே பேசப்படவில்லை. ஷெல்பிவில் அருகே அவர் பெயரில் 2019இல் ஓர் ஆலை திறக்கப்பட்டது. இத்தொழிலை மதித்துக் கற்க வருபவர் அங்கேயும் ஒருமுறை கால் பதித்துவர வேண்டும் என்பது என் விருப்பம்.

மூன்ஷைன் என்னும் நாட்டுச் சாராயத்தைத் தேடி வருவோர் கிழக்கே ஸ்மோக்கி மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். 2009 வரை டென்னசியில் மூன்று மாவட்டங்களில் மட்டுமே வடிப்பாலை நடத்த இடமிருந்தது. அவ்வாண்டு சட்டம் தளர்ந்தது. அடுத்த ஆண்டே கேட்லின்பர்க் நகரில் ஓல்ட் ஸ்மோக்கி கடை திறந்துவிட்டது. அம்மலைப்பகுதியில் பெயர்பெற்ற கள்ளச்சாராய வடிப்பாளரான பாப்கார்ன் சட்டன், சிறைத் தண்டனையை அனுபவிக்கச் செல்ல வேண்டிய வேளையில் இறந்ததும் அதே 2009இல்தான். இன்று அந்நகர வீதியில் கண்ணாடிச் சாடிகளில் ஆப்பிள், பீச், செர்ரி என்று சுவையூட்டிய சாராயத்தைச் சிறு சிறு குவளைகளில் வரிசையாக ஊற்றித் தருகிறார்கள். இனிப்பும் மணமும் சேர்த்தவற்றில் கைத்திறன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றும் கலவாத வெள்ளைச் சாராயத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்; அது தானியத்திலிருந்து வந்ததா, சர்க்கரையிலிருந்து வந்ததா, அங்கேயே வடித்ததா என்று கேளுங்கள். மூன்ஷைன் என்ற பெயருக்கு அமெரிக்கச் சட்டத்தில் தனி வரையறை கிடையாது என்பதால் இக்கேள்விக்கு இடமுண்டு.

அங்குள்ள வாலைகளில் உற்றுப் பார்க்க வேண்டிய உறுப்பு ஒன்றுண்டு. பானைக்கும் குளிர்விக்கும் சுருளுக்கும் நடுவே சிறு பீப்பாய் ஒன்று நிற்கும். பானையிலிருந்து வரும் சூடான ஆவி அதிலுள்ள நீர்மத்துக்குள் குழாய் வழியாக இறங்கி, டொம் டொம் என்று அதைக் குலுக்கி, இரண்டாம் முறை ஆவியாகி மேலேறும். ஒரே ஓட்டத்தில் இருமுறை வடிக்கும் ஏழையின் உத்தி அது. கெண்டக்கி ஆலைகளில் தூணுக்குப் பக்கத்தில் பளபளக்கும் இரட்டிப்புக் கலம் அதன் நெருங்கிய உறவு. அவ்வொலி எந்த இடைவெளியில் வருகிறது என்பதை நின்று கேளுங்கள். வாலை சீராக ஓடுகிறதா என்பதை வடிப்பாளர்கள் அதைக் கொண்டே அறிகிறார்கள்.

பழங்காலத்துக் கள்ள வாலைகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடங்களில், குளிர்விக்கும் சுருளாகக் கார் ரேடியேட்டரைப் பொருத்தியிருப்பதையும் காணலாம். அதன் பற்றவைப்பில் இருந்த ஈயம் சாராயத்தில் இறங்கி, குடித்தவர்களை நோயாளிகளாக்கியது. உங்கள் வாலையின் பற்றவைப்பில் ஈயம் இல்லை என்பதை, ஊர் திரும்பிய முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்வடியை ஒதுக்கினால் எல்லா நஞ்சும் போய்விடும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. தானிய ஊறலில் இயல்பாக உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிதளவே. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது, வெளியிலிருந்து வந்து சேர்ந்த மெத்தனால். அப்படிப்பட்ட சரக்கை எந்த வடிப்பாளரின் மூக்கும் பிரித்துக் காப்பாற்றிவிட முடியாது.

நான் போனவற்றுள் நம் வேலைக்கு மிக நெருக்கமான இடம் இவ்விரு மாநிலங்களிலும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வர்ஜீனியாவில், ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில், அவர் நடத்திய வடிப்பாலையை 2007இல் பழைய அடித்தளத்தின் மீதே மீண்டும் கட்டியிருக்கிறார்கள். அவருடைய பண்ணை மேலாளரான ஜேம்ஸ் ஆண்டர்சன் 1797இல் தூண்டியதால் தொடங்கிய அவ்வாலை, 1799இல் ஏறத்தாழ 11,000 கேலன் விஸ்கியை வடித்தது. ஐந்து செம்பு வாலைகள், அடியில் விறகுத் தீ, மரத் தொட்டிக்குள் நீரில் மூழ்கிய சுருள், பீப்பாயில் துடுப்பால் கிண்டும் ஊறல் எனப் பழைய முறை அப்படியே இருக்கிறது. தானியக் கலவையில் ரை 60, மக்காச்சோளம் 35, பார்லி 5 விழுக்காடு. ஆண்டு முழுவதும் அங்கே வடிப்பதில்லை. வடிக்கும் நாள்களை முன்கூட்டியே கேட்டறிந்து போனால், தீயைக் கூட்டியும் குறைத்தும் ஒரு மனிதர் வாலையை ஓட்டுவதை அருகிலிருந்து காணலாம்.

எப்போது போவது, எப்படி நடந்துகொள்வது

என் முதல் பயணம் கோடையில் அமைந்தது. கெண்டக்கி ஆலைகள் பலவும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சில வாரங்கள் வாலையை நிறுத்திப் பழுதுபார்க்கின்றன. குளிர்விக்கும் நீரே சூடாக இருக்கும் காலம் அது. நான் பார்த்த இரண்டு ஆலைகளில் தொட்டிகள் காலியாகவும் வாலைகள் குளிர்ந்தும் கிடந்தன. இளவேனிலோ இலையுதிர் காலமோ ஏற்றது. மே மாத முதல் சனிக்கிழமை லூயிவில் நகரில் டெர்பி குதிரைப் பந்தயம் நடப்பதால், அவ்வாரம் தங்குமிடம் கிடைப்பது அரிது. வார இறுதியைத் தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழன் வரையுள்ள நாள்களில் காலையின் முதல் சுற்றுக்கு முன்பதிவு செய்யுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், வழிகாட்டி களைத்திருக்க மாட்டார், உங்கள் மூக்கும் களைத்திருக்காது. பதிவு செய்யும்போதே, அன்று ஊறலும் வாலையும் ஓடுமா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு ஆலைகளுக்கு மேல் வேண்டாம். சுவைக்க வேண்டுமானால் வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். மூடிய காலணி அணியுங்கள்; வாசனைத் தைலம், நறுமணப் பவுடர் எதுவும் பூசாதீர்கள். வாலைக்கூடத்திலும் கரித்தொட்டிக் கூடத்திலும் கைப்பேசியை அணைத்துப் பையில் வைக்கச் சொன்னால் தயங்காமல் வையுங்கள். சாராய ஆவி நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். 1996 நவம்பரில் பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் ஆலை பற்றி எரிந்தபோது, சரிவில் நெருப்பு ஆறாக ஓடியது. வண்டி ஓட்டுபவர் எதையும் விழுங்கக்கூடாது. உமிழ்வதற்குக் குவளை கேட்டால் எல்லா இடங்களிலும் தருகிறார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. சுவைக்குமுன் வயிறு நிறையச் சாப்பிட்டிருங்கள்.

புதுச் சாராயத்தை முகர ஒரு வழி உண்டு. இரண்டு துளியை உள்ளங்கையில் விட்டு, இரு கைகளையும் தேய்த்து, பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். சாராயம் பறந்துபோய், தானியத்தின் மணமும் நொதித்தலின் மணமும் மட்டும் கையில் தங்கும். நல்ல நடுவடி என்றால் சுட்ட சோளத்தின் மணம் வரும். கடைவடி கலந்திருந்தால் ஈர அட்டைப்பெட்டியின் வாடை. ஒரு வடிப்பாளர் இதைச் செய்து காட்டியபின், நான் வடிக்கும் ஒவ்வொரு புட்டியையும் இவ்வாறுதான் சோதிக்கிறேன்.

பீப்பாய்க் கிடங்கில் அதிகம் பேசத் தேவையில்லை. அங்கே நாம் செய்யக்கூடியது குறைவு. போர்பனை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தில் 62.5 விழுக்காட்டுக்கு மேற்படாத சாராய வலுவில் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். மேக்கர்ஸ் மார்க் 55 விழுக்காட்டிலேயே நிரப்புகிறது. நீங்கள் சிறு பீப்பாய் வைத்திருந்தால், எந்த வலுவில் நிரப்புகிறார்கள், ஏன் என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது சுவர்களையும் சுற்றியுள்ள மரங்களின் பட்டையையும் பாருங்கள். கரி பூசியதைப் போலக் கறுத்திருக்கும். பீப்பாயிலிருந்து கசியும் ஆவியை உண்டு வளரும் பூஞ்சை அது.

திரும்பி வந்தபின்

வாங்கும் புட்டிகளைப் பொறுத்தவரை, 24 முதல் 70 விழுக்காடு வரை வலுவுள்ளவற்றை ஒருவர் 5 லிட்டர் வரை விமான நிலையத்தில் பதிவு செய்து ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கலாம். 70க்கு மேற்பட்டவை விமானத்தில் ஏறா. உங்கள் நாட்டுச் சுங்க வரம்பு அதற்குக் குறைவாக இருக்கலாம் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய, விலை மிகுந்த புட்டியை விட, அதே ஆலையின் புதுச் சாராயம் விற்பனைக்கு இருந்தால் அதை ஒன்று வாங்கி வாருங்கள்; உங்கள் சாராயத்தின் அருகில் வைத்து ஒப்பிடத் தக்கது அதுவே.

குறிப்பேட்டில் இருபது யோசனைகள் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஊறலில் செய்துபார்க்க ஆசை எழும்; செய்தால் எது சுவையை மாற்றியது என்று கண்டறிய முடியாமல் போய்விடும். நான் ஊறலைப் பழைய கலவையிலேயே போட்டு, மூன்று நாளில் வடிப்பதை ஐந்து நாளாக்கியதை மட்டும் முதலில் செய்தேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது, லொரெட்டோவின் மூன்றாவது தொட்டியில் விரலில் ஒட்டிவந்த அதே புளிப்பு எழுந்தது. ஈஸ்ட்டை மாற்றியது அதற்கடுத்த ஊறலில்தான்.